பச்சை டின்னில் இருந்த எண்ணெய்

அண்ணா,

அன்றைக்கு ரோட்டோரம் யார் யார் நின்றார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். கிழவிக்கு ஞாபகம் பிசகிவிட்டது என்று பின்னால் யாரும் சொல்லக் கூடாது. நைனா நின்றார், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, பார்க்கப் பிடிக்காதவர் போல ரோட்டுக்குப் பாதி முதுகைக் காட்டி. உன் மோட்டாரைப் பிரித்து மாட்டுகிற காதர் பாய் கையில் ஸ்பேனரோடு நின்றார். மெட்ராசில் மோட்டார் சைக்கிள் கடை வைத்து, உன்னைச் சம்பளத்துக்கு ரேஸ் ஓட்ட அமர்த்தியிருந்த தாமோதரம் முதலாளி மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உன்னோடு போட்டிக்கு வந்த ஆங்கிலோ இந்தியன், சட்டைக்காரப் பையன் பெர்சி தன் வண்டிமேல் சாய்ந்துகொண்டு வறுத்த மல்லாட்டைக் கடலை தின்றான். எனக்குப் பேசி முடித்திருந்த அவலூர்பேட்டை ராயப்பன் புதுச்சட்டையில் இருந்தான். கொடி பிடித்தவன் முனுசாமி. அம்மா நின்றாள். நான் நின்றேன். கடைத்தெரு முழுக்க ஜனம்தான், ஆனால் என்னைத் தவிர்த்து இந்த ஏழு பேரைத்தான் இத்தனை வருஷமும் நெஞ்சில் வைத்துப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது எதற்கு எழுதுகிறாய் என்று கேட்பாய். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு லூர்தம்மாவின் பேத்தி, பிள்ளை பெற்று இன்னும் மாதம் ஆகவில்லை, ஒரு பிளாஸ்டிக் பாட்டிலோடு வந்து நின்றாள்.

"ஆயா, இது நல்ல வெளக்கெண்ணெயான்னு மோந்து பாத்துச் சொல்லு. கொழந்த உச்சில வெக்கணும். உனக்குத்தான் தெரியும்னு எங்க நைனா சொன்னாரு."

மூடியைத் திறந்து மூக்கிடம் கொண்டுபோனேன். கடை எண்ணெய். வாசத்தையெல்லாம் எடுத்து வெளுத்து வைத்திருந்தார்கள். ஆனாலும் அடியில் எங்கேயோ, கொஞ்சமாக, நீ இருந்தாய். ரேஸ் முடிந்து வந்து நிற்கிற சூடான மோட்டாரும், புகையும், வேர்த்த தோல் சட்டையுமாக நீ. "நல்லாத்தான் இருக்குது, எடுத்தும்போ" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். பேரனுடைய நோட்டில் மிச்சமிருந்த தாளைக் கிழித்து எடுத்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து இது. மெதுவாகப் படி.

நீ சண்டைக்குப் போகும்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பட்டாளத்தில் உனக்குக் கொடுத்தது துப்பாக்கி வேலை இல்லை, மோட்டார் சைக்கிளில் காகிதம் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. பர்மா எல்லையில், மழையில், மலை ரோட்டில், விளக்கைப் போடாமல் ஓட்டினேன் என்று சொன்னாய். திரும்பி வந்தபோது மீசை முளைத்திருந்தது. கண் மட்டும் யாரையும் நேராகப் பார்க்காது, எப்போதும் கொஞ்சம் தள்ளி, அடுத்த வளைவைப் பார்ப்பதுபோலப் பார்க்கும். வந்த மூன்றாம் நாளே நைனா சோற்றுத் தட்டின் முன்னால் கேட்டார்.

"அப்புறம், இன்னா வேல பாக்கப் போற?"

"மோட்டார் சைக்கிள் ரேஸ், நைனா."

"அது வெளையாட்டு. வேல இன்னான்னு கேட்டேன்."

"அதான் வேல. மெட்ராஸ்ல ஒரு மொதலாளி சம்பளம் குடுத்து ஓட்டச் சொல்றாரு."

"சுத்திச் சுத்தி வந்து பொறப்பட்ட எடத்துலயே நிக்கறதுக்கா சம்பளம்?"

அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள்: "செக்கு மாடும் அதத்தான் செய்யுது. அதுக்குப் பிண்ணாக்காச்சும் வெக்கறாங்க. இவன் சோறே வேணாங்கறான்."

நீயும் சிரித்தாய், நானும் சிரித்தேன். அம்மாவுக்கு நாக்கு அப்படி. அவள் பேச்சில் சிரிக்காதவர் நம் தெருவில் கிடையாது. அதையும் எழுதத்தான் வேண்டும். இல்லையென்றால் நியாயமாக இருக்காது.

சோறு வேண்டாம் என்று நீ சொன்னது உண்மை. உடம்பில் கனம் ஏறினால் வண்டி வேகம் குறையும் என்று அரை வயிற்றுக்குத்தான் சாப்பிடுவாய். அதை அம்மா தன் கைச்சமையலுக்கு வந்த அவமானமாக எடுத்துக்கொண்டாள். நீ ஊருக்கு வருகிற நாட்களில்கூட உனக்கு ஓய்வு இருந்ததில்லை. ஆட்டுக்கல்மேல், வண்டிமேல் படுத்து ஓட்டுவது போலக் குப்புறப் படுத்து, தாடையைக் கல்லில் வைத்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு. தெருப் பிள்ளைகள் வந்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அடுத்த ரேஸ் நடக்கும் ரோட்டை அடுப்புக்கரியால் தரையில் வரைந்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் ஓட்டுவாய். எந்த இடத்தில் விரல் தயங்குகிறதோ அங்கே மறுபடியும் முதலிலிருந்து. ரேஸுக்கு முந்தின நாள் அந்த ரோடு முழுவதையும் நடந்தே பார்ப்பாயாம். எந்த மரத்தடியில் சாணி, எந்த மதகில் கப்பி பெயர்ந்திருக்கிறது, எந்த வீட்டு நாய் குறுக்கே வரும். "ஓட்டறது அர மணி நேரம். மீதி நேரமெல்லாம் நடக்கறதுதான், செலி" என்று என்னிடம் சொல்வாய்.

மெட்ராசுக்கு வெளியே, சண்டைக்கு வந்த ஏரோப்ளேன்கள் போனபின் காலியாகக் கிடந்த மைதானத்தில் ஓட்டினாய். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் போட்ட நேர்நேரான தெருக்களில் ஓட்டினாய். பெங்களூரில் ஓட்டினாய். ஜெயித்த கோப்பைகள் எல்லாம் முதலாளி கடைக் கண்ணாடிக்குள் போய்விடும். நம் வீட்டுக்கு வந்ததெல்லாம் உன் உடம்புதான். ஒரு தடவை கழுத்தெலும்பு உடைந்து வந்தாய். ஒரு தடவை இடது கை தோல் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இல்லாமல் வந்தாய். பழந்துணியை எண்ணெயில் நனைத்து நான்தான் சுற்றுவேன். அப்போதுதான் பேசுவாய், என்னிடம் மட்டும். பெங்களூரில் உன் கண்ணெதிரே ஒரு பையன் சுவரில் மோதிச் செத்ததைச் சொன்னாய்.

"மறு ஞாயித்துக்கெழம அவன் வண்டிய ரிப்பேர் பண்ணி வேற ஒருத்தன் ஓட்டினான்."

"யாருண்ணா அந்தப் பாவி?"

"நாந்தான்" என்றாய்.

அதற்குப் பிறகு வெகுநேரம் நான் துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். சுற்றுவதற்குக் கை மிச்சமில்லாமல் போயிற்று.

இனி எண்ணெய்க்கு வருகிறேன். நம் ஊரில் யாருக்கும் புரியாமல் போனது அதுதான். ரேஸ் மோட்டாருக்கு மற்ற எண்ணெய் சூட்டில் தண்ணீராகிவிடும், விளக்கெண்ணெய் மட்டும்தான் தாங்கும் என்று நீ சொன்னபோது நானும் நம்பவில்லை. அந்த எண்ணெய் சீமையிலிருந்து டின்னில் வருமாம். சண்டையில் கப்பல் நின்றது, முதலாளியிடம் இருந்ததும் தீர்ந்தது. மற்றவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, நீ மட்டும் திண்டிவனம் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து என்னைக் கூப்பிட்டாய்.

"செலி, நம்ம வேலி ஆமணக்குல எண்ணெய் காச்சுவியே, அதக் காச்சு. கொழந்தைக்கு இல்ல. மோட்டாருக்கு."

ஆமணக்கு முத்தை வறுத்தேன், இடித்தேன், தண்ணீரில் கொதிக்க விட்டேன், மேலே மிதந்ததை அகப்பையால் வழித்தேன். குழந்தைக்கு என்றால் அத்தோடு போதும். உனக்குப் போதவில்லை. வழித்த எண்ணெயில் திரியை நனைத்துக் கொளுத்தினாய். படபடவென்று வெடித்தது. "தண்ணி இருக்குது. மறுபடி காச்சு." காய்ச்சினேன். மறுபடி வெடித்தது. மூன்றாம் தடவை திரி சத்தமே போடாமல் எரிந்தது. அப்போது உன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பார், எந்தக் கோப்பைக்கும் அப்படி நீ சிரித்திருக்க மாட்டாய். வெள்ளைத் துணியை நாலாக மடித்து வடிகட்டி, பட்டாளத்திலிருந்து நீ கொண்டுவந்த பச்சை டின்னில் ஊற்றினோம். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம், நீ ஓட்டின ஒவ்வொரு ரேஸுக்கும் என் எண்ணெய்தான். ஒரு தடவைகூட மோட்டார் உன்னைக் கைவிடவில்லை. விழுந்ததெல்லாம் ரோட்டால், மழையால், மற்றவன் குறுக்கே வந்ததால்.

ஒரே ஒரு விஷயத்தை நீ வீட்டில் எல்லோருக்கும் கேட்கச் சொல்லுவாய். "இந்த டின்ல வேற எண்ணெய் ஒரு சொட்டு வுழக் கூடாது. கலந்துச்சுன்னா உள்ள போய் ஒட்டிக்கும். சக்கரம் அப்படியே நின்னுடும்." சாப்பிடும்போது சொல்லுவாய். கிளம்பும்போது சொல்லுவாய். அம்மா அதை ஜெபமாலையில் ஒரு மணி மாதிரி கேட்டுக்கொண்டிருப்பாள். நீயும் வாயால் சொல்வதோடு விட மாட்டாய். ஊற்றுவதற்கு முன் டின்னை மோந்து பார்ப்பாய். ஒரு சொட்டு எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து இழுப்பாய். நூல்போல நீண்டு வந்தால்தான் ஊற்றுவாய். பார்க்காமல் நீ ஊற்றினது ஒரே ஒரு தடவை.

அந்த மாசியில் முதலாளி ஒரு வார்த்தை சொன்னார். சீமையில் மலை ரோட்டில் ஓட்டுகிற பெரிய ரேஸுக்கு ஓர் ஆளை அனுப்பப் போகிறாராம். நீயா பெர்சியா என்று ஓட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். மெட்ராசில் ரோட்டை அடைக்க விட மாட்டார்கள். எங்கள் ஊரில் வையுங்கள் என்று நீதான் கேட்டு வாங்கினாய். செஞ்சிக் கடைத்தெருவிலிருந்து புறப்பட்டு அனந்தபுரம் போய்த் திரும்ப வேண்டும். பகலில் இரண்டு பஸ்தான் ஓடும் ரோடு அது. நைனா ஒரு தடவையாவது பார்க்கட்டும் என்று என்னிடம் சொன்னாய். "பொறப்பட்ட எடத்துலயே வந்து நிக்கறேன்ல, எப்புடி நிக்கறேன்னு பாக்கட்டும்."

ஈஸ்டருக்கு முந்தி நோன்பும் தருமமுமாக இருக்கிற தபசு காலத்தின் முதல் சனிக்கிழமை. வெள்ளியன்றே எண்ணெய் காய்ச்சி, திரி கொளுத்திப் பார்த்து, டின்னை விளிம்புவரை நிரப்பி, குதிர் அடியில் வைத்திருந்தேன். காலையில் உன் வெள்ளைச் சட்டையைத் துவைக்கக் குளத்துக்குப் போனேன். துவைத்து, பாறைமேல் காயவைத்து, மடித்து எடுத்து வந்தபோது வெயில் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டில் லூர்தம்மாவுக்குப் பிள்ளை பிறந்திருந்தது, பையன். தெருவே அங்கே நின்றது. அம்மாவும் அங்கிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் டின்னைத் தூக்கிப் பார்த்தேன். விளிம்புவரை இருந்தது. தூக்கிக்கொண்டு நடந்தேன்.

மூன்று மணி. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காதர் பாய் எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்தார். நான் டின்னை உன்னிடம் நீட்டினேன். நீ வாங்கி, வழக்கம்போல மூக்கிடம் கொண்டுபோனாய். அப்போது முதலாளி சிரித்தார்.

"இன்னாப்பா, உன் தங்கச்சியையே நம்ப மாட்டியா? ஊரே பாக்குது."

நீ டின்னை இறக்கினாய். ராயப்பன் நின்ற பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவனுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாய்: "என் தங்கச்சி காச்சின எண்ணெய். மோந்து பாக்க வேண்டியதில்ல."

எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று அண்ணா. அதை ஒளிக்கவில்லை. அந்தக் குளிர்ச்சியில்தான் நான் ஒன்றைப் பார்த்தும் விட்டுவிட்டேன். நீ ஊற்றும்போது எண்ணெய் சுருசுருவென்று இறங்கியது. என் எண்ணெய் அப்படி இறங்காது, தேன் மாதிரி தயங்கித் தயங்கித்தான் இறங்கும். வெயிலில் நடந்து வந்தோமே, இளகியிருக்கும் என்று நினைத்தேன். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அதற்குள் மூடி போட்டாயிற்று.

முனுசாமி கொடியை இறக்கினான். இரண்டு வண்டியும் போன சத்தம் ராஜகிரி மலையில் மோதித் திரும்பி வந்தது. அப்புறம் தேய்ந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. ஜனங்கள் கரும்பு தின்றார்கள். ராயப்பன் நைனாவிடம் வந்து, "மாமா, எவ்ளோ நேரம் ஆவும்?" என்று கேட்டான். நைனா, "எனக்கு இன்னா தெரியும், செக்கு மாட்டக் கேளு" என்றார். ஆனால் இப்போது ரோட்டைப் பார்த்து முழுசாகத் திரும்பி நின்றார்.

பிறகு சத்தம் வந்தது. முதலில் கொசு மாதிரி, அப்புறம் பெரிதாக. இரண்டு மோட்டார். உன் சத்தம் எனக்குத் தெரியும், கொஞ்சம் அடித்தொண்டையில் இருக்கும். முன்னால் வந்தது உன் சத்தம். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணந்தாம்மா முன்னால." ஏரிக்கரை வளைவுக்கு அந்தப் பக்கம் வந்திருக்கும். கிறீச்சென்று ஒன்று கேட்டது. உன் சத்தம் நின்றது. தேயவில்லை, குறையவில்லை, நின்றது. மலையில் மோதிய பாதி மட்டும் திரும்பி வந்தது. பெர்சியின் சத்தம் இன்னும் கொஞ்ச தூரம் வந்து, அதுவும் நின்றது.

என் கையிலிருந்த அம்மாவின் கை சில்லென்று ஆனது. பெற்ற வயிறு என்று அப்போது நினைத்தேன்.

ஏரிக்கரையில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் மாட்டு வண்டியில் உன்னைப் போட்டுக் கொண்டுவந்தார்கள். பெர்சி தன் வண்டியை ரோட்டிலேயே போட்டுவிட்டு, உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அந்த வண்டியில் வந்தான். அவன் வந்த வேகத்திலேயே வந்திருந்தால் ஜெயித்திருப்பான், சீமைக்குப் போயிருப்பான். திரும்பினான். அந்த ஒரு திரும்பலுக்காக அவன் இருக்கிற இடத்தில் நல்லாயிருக்கட்டும் என்று இன்றைக்கும் ஜெபத்தில் சொல்கிறேன். வண்டி நின்றபோது நீ போய்விட்டிருந்தாய். பெர்சி அழுதுகொண்டே, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்.

"பேசினான். எஞ்சின் பிடிச்சுக்கிச்சு, ஆயில்னு சொன்னான். அப்புறம், 'செலிய திட்டாதீங்க'ன்னு சொன்னான். ரெண்டு தரம் சொன்னான். யாரு செலி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள்.

உன்னைப் புதைத்து மூன்றாம் நாள் காதர் பாய் மோட்டாரைப் பிரித்தார். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தது, குழாயெல்லாம் கோந்து. நைனா கேட்டதற்கு, தலையைக் குனிந்துகொண்டு, "எண்ணெய்தாங்க காரணம்" என்றார். அந்த இரண்டு சொல்லுக்காக இருபது வருஷம் கடைத்தெருவில் அவர் கடை வழியாகவே நான் போகவில்லை. பிறகு யோசித்தேன். கண்ட உண்மையைச் சொன்னார், பாவம். முதலாளி, "பட்டிக்காட்டுப் பொண்ணு காச்சினத நம்பி வண்டிய வுட்டேன் பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டு, உடைந்த வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். மோந்து பார்க்கப் போன உன் கையை இறக்கியது அந்த ஆள் சிரிப்பு. வெகுகாலம் அவனைச் சபித்தேன். ராயப்பன் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள்: அண்ணனைக் கொன்ன கை எங்கள் வீட்டில் உலை வைக்க வேண்டாம். ராயப்பன் வாயைத் திறக்கவில்லை. திறக்காத வாயோடு அவன் யாரோடு வாழ்ந்தால் எனக்கு என்ன.

தெருவில் பேசினது வேறு: "கல்யாண நெனப்புல இருந்திருப்பா. கவனமில்லாம காச்சிட்டா." பிள்ளைத்தாய்ச்சிகள் என்னிடம் எண்ணெய் கேட்பது நின்றது. லூர்தம்மா மட்டும் நிற்கவில்லை. அவளுக்கு என்மேல் ஏன் இத்தனை இரக்கம் என்று நினைத்துக்கொள்வேன். தன் பையனுக்கு உன் பெயரையும் வைத்தாள். யோசித்துப் பார், தினமும் காலையில் பக்கத்து வீட்டிலிருந்து உன் பெயரைக் கத்திக் கூப்பிடுவார்கள், பால் குடிக்க, குளிக்க, அடி வாங்க. நைனா அந்தப் பெயர் கேட்கிற நேரமெல்லாம் எழுந்து கழனிக்குப் போய்விடுவார். இரண்டு வருஷத்தில் அவரும் போய்விட்டார். கடைசிவரை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, நீ சொல்லிவிட்டுப் போனதால். என்னோடு பேசவும் இல்லை.

சீயமங்கலத்தில் ஒருவருக்கு, மனைவி செத்து இரண்டு பிள்ளையோடு இருந்தவருக்கு, என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். கேட்டு வந்த ஒரே ஆள். ஒவ்வொரு நாளும் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து அந்த வெள்ளிக்கிழமையைத் திரும்பக் காய்ச்சினேன். வறுத்தது சரி, இடித்தது சரி, திரி சத்தம் போடவில்லை, அது சரி. எங்கே விட்டேன், எங்கே விட்டேன்? கண்ணை மூடிக்கொண்டு விரலால் ரோட்டை ஓட்டுவாயே, அப்படி. என் விரல் தயங்குகிற இடமே இல்லை.

எட்டு வருஷம் கழித்து, லூர்தம்மா பையன் கோயிலில் முதல் நற்கருணை வாங்குகிற புதுநன்மை. கூப்பிட்டாள் என்று வந்தேன். வெள்ளைச் சட்டை போட்டு, உன் பெயரோடு, பையன் என் காலைத் தொட்டான். லூர்தம்மா அவன் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"உங்கம்மா அன்னிக்கு எண்ணெய் குடுக்கலன்னா இவன் ஏது? வலி நின்னுபோச்சு, நீலம் பாஞ்சு கெடந்தேன். எம்மாமியார் ஓடியாந்து கேட்டதும் அந்தப் பச்ச டின்னுலேருந்து ரெண்டு ஆழாக்கு ஊத்திக் குடுத்தாங்க. நீ காச்சினதாச்சே செலி. குடிச்சும் தடவியும், ஒரு நாழியில பொறந்துட்டான்."

நான் அங்கே சாப்பிடவில்லை. வீட்டுக்குப் போனேன். அம்மா முறத்தில் மல்லாட்டை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"பச்ச டின்னுலேருந்து எண்ணெய் எடுத்தியா?"

முறம் நின்றது. பிறகு மறுபடி புடைத்தாள். "ஒரு உசுரு வர்ற நேரம். தபசு காலம் வேற. இல்லன்னு சொல்ல முடியுமா?"

"குடுத்தது சரி. கொறஞ்சதுக்கு இன்னா ஊத்தின?"

"மல்லாட்ட எண்ணெய்தான். வேறென்ன இருந்துது வூட்ல? கொறஞ்சிருந்தா நீ கத்துவ, அவன் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்குவான். போற நேரத்துல எதுக்கு சண்டன்னு... எண்ணெய்க்கு எண்ணெய்தானேடி. நம்ம வண்டி அச்சுக்கு எந்த எண்ணெயப் போட்டாலும் சக்கரம் சுத்தல?"

இதுவரைக்கும் நான் அவளை வெறுக்கவில்லை அண்ணா. சத்தியமாக. மாட்டு வண்டி அச்சைப் பார்த்தே வளர்ந்தவள், மோட்டாருக்கும் அதுதான் என்று நினைத்தாள். நைனாவாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். லூர்தம்மா பிழைத்தாள், பையன் பிழைத்தான், அதற்கு நான் வயிறு எரிய மாட்டேன். நான் அடுத்ததைக் கேட்டேன்.

"பெர்சி வந்து சொன்னான்ல, செலியத் திட்டாதீங்கன்னு. அப்ப உன் காதுல வுழுந்துதா?"

"வுழுந்துது."

"அப்பவே உனக்குத் தெரியுமா?"

"சத்தம் நின்னப்பவே தெரியும்."

"நைனாகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே. எட்டு வருசம் எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

முறத்தைக் கீழே வைத்தாள். அவள் குரல் கோபமாக இல்லை, காய்கறி நறுக்குகிற மாதிரி சாதாரணமாக இருந்தது.

"உம்பேருதான் கெட்டுப்போச்சு. அதுக்குமேல எம்பேரும் கெட்டு இன்னா ஆவப் போவுது? பெத்தவளே கொன்னான்னு ஊரு சொன்னா நான் எந்தக் கொளத்துல வுழுவேன்? நீ சின்னவ. தாங்கிக்குவ."

தாங்கிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் போன பிறகு, பார்க்க ஆளில்லை என்று அவளையும் நான்தான் வந்து தாங்கினேன். கடைசி நாலு வருஷம் குளிப்பாட்டினேன், ஊட்டினேன், படுக்கைத் துணியை மாற்றினேன். முதுகுப் புண்ணுக்கு என் கையால் காய்ச்சின எண்ணெயையே தடவினேன், மூன்று தடவை காய்ச்சி, திரி கொளுத்திப் பார்த்து. சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்கு வைக்கிற அவஸ்தைப் பூசுதல் எண்ணெயை நெற்றியில் வைத்த அன்று, என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "வுட்டுரு செலி" என்றாள். எதை விடச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். தலைப்பை மெதுவாக உருவிக்கொண்டு கொல்லைப்புறம் போய் நின்றேன். திரும்பி வரும்போது முடிந்திருந்தது.

உன் பெயர்க்காரன் பஸ் டிரைவர் ஆனான், தெரியுமா? முப்பது வருஷத்துக்கு மேல் திருவண்ணாமலை ரோட்டில் ஓட்டி, ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட அடிக்காமல் ரிட்டையர் ஆனான். இப்போது பேரன் எடுத்துவிட்டான். அவன் மகள்தான் பாட்டிலோடு வந்தவள். அவன் சாயங்காலம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆயா, சாப்டியா?" என்பான். எனக்கு மூன்று தலைமுறை தாண்டி அந்த வீடு முழுக்க நீ கொடுத்த உயிராகத் தெரியும். அவனிடம் இதில் ஒரு வார்த்தை சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். பிள்ளை என்ன செய்தான்?

உனக்குத்தான் சொல்ல வேண்டியிருந்தது. நீ அந்த வளைவில் கிடந்து, உயிர் போகிற நேரத்தில், என் எண்ணெய்தான் என்று நினைத்தாய். நினைத்தும் என்னைக் காப்பாற்றப் பார்த்தாய். அந்த நினைப்போடு நீ போனதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை, ஊர் சொன்னது ஒன்றும் இல்லை. கேட்டுக்கொள் அண்ணா. என் எண்ணெய் இல்லை. நான் சரியாகத்தான் காய்ச்சினேன். திரி சத்தம் போடவில்லை. சுருசுருவென்று இறங்கியதைப் பார்த்தும் பேசாமல் நின்ற அந்த ஒரு மூச்சு மட்டும் என்னுடையது. அதை நான் சுமந்துகொண்டுதான் வருவேன், நீயே இறக்கி வை.

பச்சை டின் இன்னும் இருக்கிறது. அடி துருப்பிடித்துவிட்டது. இன்றைக்கும் வீட்டுக்கு எந்த எண்ணெய் வந்தாலும், மோந்து பார்த்து, இரண்டு விரலுக்கு நடுவே இழுத்துப் பார்த்துதான் ஊற்றுகிறேன். பேரப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

முனுசாமி கொடியை இறக்கினான், அவ்வளவுதான் அவன் செய்தது. நைனா பேசாமல் இருந்தே செத்தார், அவருக்கு உண்மை தெரியாது. பெர்சிக்கு நன்றி. காதர் பாயை விட்டுவிட்டேன். ராயப்பன் போனதே நல்லது. முதலாளிகூடச் சிரித்ததைத் தவிர வேறு தப்பு செய்யவில்லை என்று இந்த வயதில் படுகிறது. மிச்சம் ஒருத்திதான், அவளை மன்னிக்கிற மனசைத் தா என்று நானும் சாமியிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தபசு காலத்திலும் முழந்தாள் போட்டு. வரவில்லை. பெற்றவள் பெயரைப் பிள்ளை வாயால் சொல்கிற வழக்கம் நம் வீட்டில் கிடையாது. கல்லறையில் வெட்டுவதற்குக் கொத்தன் கேட்டபோதுகூட, நைனாவின் பெயரைச் சொல்லி, "அவரு சம்சாரம்னு போடு" என்றேன். உனக்கு மட்டும் அவள் பெயரை எழுதுகிறேன்:

மதலேனம்மாள்.